காரின் கதவுகள் பூட்டியதை ஒலி மூலம் அறிய: புதிய உரிமையாளர்களுக்கான வழிகாட்டி

ரிமோட் சாவியை அழுத்தியதும் இன்டிகேட்டர் விளக்குகள் மின்னுவதைப் பெரும்பாலானோர் பார்ப்பதே இல்லை. ஒரு கையில் பையும் மறு கையில் குழந்தையின் கையுமாகக் காருக்கு முதுகைக் காட்டி நடக்கத் தொடங்கிய பிறகுதான் பொத்தானை அழுத்துகிறோம். விளக்கு மின்னியதா என்று திரும்பிப் பார்க்க வேண்டிய தேவையை நீக்குவதே பூட்டு உறுதி ஒலியின் வேலை. பல கார்களில் இந்த வசதி ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் அணைத்து வைக்கப்பட்டிருக்கும், அல்லது அதை எழுப்பும் முறை உரிமையாளருக்குத் தெரியாமல் இருக்கும்.

இந்த ஒலியை வெறும் ஆடம்பரமாகக் கருத வேண்டாம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. ரிமோட் சாவி அனுப்புவது சிறிய ரேடியோ சைகை மட்டுமே. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் விற்கப்படும் கார்களில் அது பொதுவாக 433.92 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும், அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பெரும்பாலும் 315 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் செல்கிறது. அதே அலைவரிசையில் இரைச்சலைப் பரப்பும் கருவி ஒன்றை வைத்துக்கொண்டு வாகன நிறுத்துமிடத்தில் ஒருவர் காத்திருந்தால், நாம் அனுப்பும் சைகை காரை எட்டாது. நாம் பூட்டிவிட்டதாக நினைத்துப் போய்விடுவோம். கார் திறந்தே கிடக்கும். ஒலி கேட்டுப் பழகியவருக்கு அது கேட்காதபோது உடனே உறைக்கும், அவர் திரும்பி வந்து பார்ப்பார். திருடன் யாரும் இல்லாத சாதாரண நாள்களிலும், பின் கதவு ஒன்று அரைகுறையாகச் சாத்தப்பட்டிருக்கும்போது இதே ஒலியோ அதன் இன்மையோதான் நம்மைத் தடுத்து நிறுத்தும்.

உங்கள் காரில் எது ஒலிக்கும்?

செட்டிங்ஸைத் தேடுவதற்கு முன்பு, உங்கள் காரில் ஒலி எங்கிருந்து வரும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். எந்த வழியில் போக வேண்டும் என்பதை இதுவே தீர்மானிக்கிறது. இந்தப் படியைத் தாண்டிச் செல்பவர்கள்தான் தங்கள் காரில் இல்லாத மெனுவைத் தேடி அலைகிறார்கள்.

ஃபோர்டு, ஷெவர்லே, ஜீப், நிசான், ஹூண்டாய், கியா ஆகிய நிறுவனங்களின் கார்களில் வசதி இருக்குமிடத்தில் பெரும்பாலும் காரின் ஹார்னே சுருக்கமாக ஒருமுறை ஒலிக்கிறது. டொயோட்டா, ஹோண்டா, மாஸ்டா போன்றவற்றின் ஸ்மார்ட் கீ (பையிலிருந்து எடுக்காமலே இயங்கும் சாவி) உள்ள மாடல்களில் வெளிப்புறம் கேட்கும்படி தனியாக ஒரு சிறு பஸ்ஸர் பொருத்தியிருப்பார்கள். அது ஹார்னை விட மென்மையானது, ஒலியளவையும் மாற்றலாம். வோக்ஸ்வாகன், ஸ்கோடா, பிஎம்டபிள்யூ கார்களில் இந்த வேலை பெரும்பாலும் திருட்டுத் தடுப்பு அலாரத்தின் சைரனைச் சேர்ந்தது. ஆகவே தொழிற்சாலையிலேயே அலாரம் பொருத்தப்படாத காரில் அந்த மெனு இல்லாமல் இருப்பது இயல்பே. நான்காவது வகை, கடையில் பின்னர் பொருத்திய சென்ட்ரல் லாக்கிங். அதன் சைரனுக்கும் காரின் திரைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அதைப் பற்றிப் பின்னர் பார்ப்போம்.

காரோடு வந்த உரிமையாளர் கையேட்டில் சாவிகள், கதவுகள் பற்றிய அத்தியாயத்தை ஒருமுறை படித்துவிட்டால் இது விளங்கிவிடும். அந்த அத்தியாயம் பொதுவாகச் சில பக்கங்களே இருக்கும். கையேட்டில் முழுமையாகப் படிக்கத் தகுந்த பகுதிகளில் அதுவும் ஒன்று என்பது என் கருத்து.

முதலில் இரண்டாவது முறை அழுத்திப் பாருங்கள்

எந்தச் செட்டிங்ஸையும் தொடாமல் செய்யக்கூடிய சோதனை இது. எல்லாக் கதவுகளையும் டிக்கியையும் பானெட்டையும் நன்றாகச் சாத்திவிட்டு, பூட்டும் பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். விளக்கு மின்னியதும் உடனே மறுபடியும் அதே பொத்தானை அழுத்துங்கள். ஃபோர்டு கார்களில் 3 வினாடிகளுக்குள் இரண்டாவது முறை அழுத்தினால் ஹார்ன் ஒருமுறை ஒலித்து, கதவுகள் எல்லாம் சாத்திப் பூட்டியிருப்பதைத் தெரிவிக்கும்; கதவு ஏதேனும் திறந்திருந்தால் ஹார்ன் இருமுறை ஒலிக்கும், விளக்குகள் மின்னாது. ஹோண்டாவிலும் முதல் அழுத்தலுக்கு விளக்கு, இரண்டாவது அழுத்தலுக்குப் பீப் ஒலி என்பதே முறை. ஹூண்டாய், கியா மாடல்களில் இதற்கான கால அளவு 4 வினாடிகள். ஆனால் அங்கே அந்த வசதியை முதலில் மெனுவில் இயக்கி வைத்திருக்க வேண்டும்.

இந்த இரண்டாவது அழுத்தல் முறையை நான் மற்ற எல்லாவற்றையும் விட விரும்புகிறேன். உறுதி தேவைப்படும்போது மட்டும் ஒலியைக் கேட்டுப் பெறலாம். தேவையற்ற வேளையில் கார் மௌனமாகப் பூட்டிக்கொள்ளும்.

திரையிலும் மீட்டர் பலகையிலும் உள்ள செட்டிங்ஸ்

காரைச் சமதளத்தில் நிறுத்தி, கியரை பார்க்கிங் நிலையில் வைத்து, கியர்பெட்டி மேனுவல் என்றால் நியூட்ரலில் வைத்துக் கைப்பிரேக்கை இழுத்து, இக்னிஷனை ஆன் நிலைக்குக் கொண்டுவாருங்கள். கார் நகரும்போது இந்த மெனுக்கள் பெரும்பாலும் மங்கலாகி, தொட்டாலும் இயங்காது.

ஹூண்டாய், கியா கார்களில் ஸ்டீயரிங்கில் உள்ள பொத்தான்களால் மீட்டர் பலகையின் யூசர் செட்டிங்ஸுக்குச் செல்லுங்கள். புதிய மாடல்களில் இது நடுத்திரையின் வெஹிக்கிள் செட்டிங்ஸில் இருக்கும். அங்கே டோர் என்ற பிரிவில் ஹார்ன் ஃபீட்பேக் என்ற வரி இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து இயக்குங்கள். அந்த வரியே இல்லையென்றால் உங்கள் நாட்டுக்கான மாடலில், அல்லது நீங்கள் வாங்கிய வேரியன்டில் வசதி கொடுக்கப்படவில்லை என்று பொருள். மெனுவின் மற்ற பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

ஹோண்டாவில் புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ரிமோட்டின் பொத்தானை அழுத்திப் பூட்டும்போது கிடைக்கும் பதில், டோர் செட்டப் என்ற பிரிவில் கீலெஸ் லாக் ஆன்சர் பேக் என்ற பெயரில் இருக்கும். சில நாடுகளில் இதன் பெயர் கீலெஸ் லாக் அக்னாலெட்ஜ்மென்ட். சாவியைப் பையில் வைத்துக்கொண்டே கதவின் கைப்பிடியைத் தொட்டுப் பூட்டும்போது எழும் ஒலியோ, கீலெஸ் ஆக்சஸ் செட்டப் என்ற வேறொரு பிரிவில் கீலெஸ் ஆக்சஸ் பீப் என்ற பெயரில் இருக்கும். இரண்டும் தனித்தனி. ஒன்றை இயக்கிவிட்டு மற்றொரு முறையில் பூட்டிப் பார்ப்பவர், வசதி வேலை செய்யவில்லை என்ற முடிவுக்கு வந்துவிடுவார். ஆகவே நீங்கள் அன்றாடம் எந்த முறையில் பூட்டுகிறீர்கள் என்பதை முதலில் மனத்தில் கொண்டு அதற்குரிய வரியை மாற்றுங்கள். இரண்டு முறையிலும் பூட்டுபவர் இரண்டையும் மாற்ற வேண்டும்.

டொயோட்டாவில் பெரும்பாலான மாடல்கள் பஸ்ஸர் இயங்கும் நிலையிலேயே விற்பனைக்கு வருகின்றன. பூட்டினால் ஒரு பீப், திறந்தால் இரண்டு பீப். ஒலியளவு பல மாடல்களில் 1 முதல் 7 வரையிலான நிலைகளில் அமைக்கப்படுகிறது, தொழிற்சாலை அமைப்பு 5. ஒலி கேட்கவில்லையென்றால் முந்தைய உரிமையாளரோ விற்பனையாளரோ அதை அணைத்திருக்கக்கூடும். புதிய மாடல்களில் திரையின் வெஹிக்கிள் கஸ்டமைசேஷன் பகுதியில் நீங்களே மாற்றலாம். பழைய மாடல்களில் சர்வீஸ் சென்டரில் கணினியை இணைத்துத்தான் மாற்ற முடியும். அடுத்த சர்வீஸுக்குக் காரை விடும்போது, பூட்டும்போது எழும் பஸ்ஸர் ஒலியை இயக்கித் தருமாறு வேலைச் சீட்டில் எழுதச் சொல்லிவிடுங்கள். வாய்மொழியாகச் சொன்னது வொர்க்ஷாப்பின் உள்ளே போய்ச் சேரும் என்று நம்ப வேண்டாம்.

அமெரிக்காவிலும் வளைகுடா நாடுகளிலும் ஷெவர்லே, ஜிஎம்சி வாகனங்களை ஓட்டுபவர்கள் வெஹிக்கிள் மெனுவில் ரிமோட் லாக் ஃபீட்பேக் என்ற வரியைத் தேடுங்கள்; ஒன்றுமில்லை, விளக்கு மட்டும், ஹார்ன் மட்டும், விளக்கும் ஹார்னும் என நான்கு தெரிவுகள் இருக்கும். சாவியோடு விலகிச் சென்றால் தானாகப் பூட்டிக்கொள்ளும் வசதிக்கு அங்கேயும் பாசிவ் டோர் லாக் என்ற தனி வரி உண்டு. அதில் ஹார்ன் ஒலியுடன் என்ற தெரிவு வேறாக இருக்கும். ஜீப்பின் யூகனெக்ட் திரையில், கதவுகளும் பூட்டுகளும் பற்றிய பக்கத்தில் சவுண்ட் ஹார்ன் வித் லாக் என்ற வரி, முதல் அழுத்தலில் ஒலிக்கட்டுமா, இரண்டாவது அழுத்தலில் ஒலிக்கட்டுமா என்று கேட்கும். பிஎம்டபிள்யூவில் ஐடிரைவ் திரையின் செட்டிங்ஸில் கதவுகள், சாவி பற்றிய பகுதியைத் திறந்து பாருங்கள்.

திரையே தேவைப்படாத நிசான் முறை

நிசானின் பல மாடல்களில் சாவியிலேயே இதை மாற்றிவிடலாம். பூட்டும் பொத்தானையும் திறக்கும் பொத்தானையும் ஒன்றாக 2 வினாடிகளுக்கு மேல் அழுத்திப் பிடியுங்கள். இன்டிகேட்டர்கள் 3 முறை மின்னினால் ஹார்ன் ஒலி அணைந்துவிட்டது. ஒருமுறை மின்னி ஹார்னும் ஒருமுறை ஒலித்தால் அது இயங்கத் தொடங்கிவிட்டது. மறுபடியும் அதேபோல் அழுத்திப் பிடித்தால் நிலை மாறும். சாவியைப் பையில் நெருக்கித் திணித்து வைப்பவர்களுக்குத் தற்செயலாக இது நிகழ்ந்து, நேற்றுவரை ஒலித்த கார் இன்று மௌனமாகிவிடுவதும் உண்டு. இந்த ஒலியை அணைத்தாலும் திருட்டு அலாரம் அடிப்பது நிற்காது.

வோக்ஸ்வாகன், ஸ்கோடா: கோடிங் மூலம்

அலாரம் உள்ள காரில் ஓப்பனிங் அண்ட் க்ளோசிங் என்ற மெனுவில் ஒலி உறுதிக்கான வரி இருந்தால் டிக் செய்வதோடு வேலை முடிந்தது. வரி இல்லாதபோது, விசிடிஎஸ் அல்லது ஓபிடிலெவன் போன்ற கருவியை ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள டயக்னாஸ்டிக் சாக்கெட்டில் செருகிக் காரின் கணினியில் மாற்றம் செய்யும் வழியைப் பலர் பின்பற்றுகிறார்கள்.

எம்கியூபி என்ற பொது அடித்தளக் கட்டமைப்பில் அமைந்த கோல்ஃப் 7, ஆக்டேவியாவின் மூன்றாம் தலைமுறை போன்ற கார்களில் இந்த அமைப்பு 09 என்ற எண்ணுள்ள மத்திய மின்னணுப் பகுதியில் இருக்கிறது. அந்தப் பகுதியைத் திறந்து, 31347 என்ற அணுகல் எண்ணைக் கொடுத்து, அடாப்டேஷன் என்ற, மாற்றக்கூடிய அமைப்புகளின் பட்டியலில் ஒலி உறுதி தொடர்பான வரிகளைத் தேட வேண்டும். அவை பல: மெனுவில் அந்த வரியைக் காட்டுவதற்கு ஒன்று, வசதியை மொத்தமாக இயக்குவதற்கு ஒன்று, பூட்டும்போது ஒலிக்க ஒன்று, திறக்கும்போது ஒலிக்க ஒன்று, ஒலி ஹார்னிலிருந்து வர வேண்டுமா அலாரம் சைரனிலிருந்து வர வேண்டுமா என்பதற்கு ஒன்று. பூட்டும்போது ஒலிக்கும் வரியை மட்டும் மாற்றிவிட்டு மொத்தமாக இயக்கும் வரியை விட்டுவிட்டால் ஒன்றும் நடக்காது. திறக்கும்போது ஒலிக்கும் வரியைத் தொடாமல் விடுவதே நல்லது. கதவு திறந்ததைக் கைப்பிடியை இழுக்கும்போதே அறிந்துகொள்வோம்.

மாற்றுவதற்கு முன், ஒவ்வொரு வரியின் பழைய மதிப்பையும் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி நலிந்திருக்கும் காரில் இதைச் செய்யாதீர்கள். எழுதும் நடுவில் மின்னழுத்தம் குறைந்தால் பிழைகள் பதிவாகும். கோல்ஃப் 8, ஆக்டேவியாவின் நான்காம் தலைமுறை முதலான புதிய கார்களில் எஸ்எஃப்டி என்ற பாதுகாப்புப் பூட்டு சேர்க்கப்பட்டுள்ளது. நிறுவனத்தின் சர்வரிலிருந்து அனுமதி பெறாமல் இந்த வரிகளை மாற்ற முடியாது. வாரன்டி காலத்தில் உள்ள காராக இருந்தால், விற்பனையாளரிடம் கேட்டுச் செய்வதே மேல்.

டெஸ்லா

கன்ட்ரோல்ஸ் என்பதைத் தொட்டு, லாக்ஸ் பகுதியில் லாக் கன்ஃபர்மேஷன் சவுண்ட் என்பதை இயக்கினால் போதும். கைபேசியே சாவி என்பதாலும், விலகி நடந்தால் தானாகப் பூட்டிக்கொள்ளும் வசதியைப் பெரும்பாலானோர் பயன்படுத்துவதாலும், மற்ற எந்தக் காரையும் விட இங்கே இந்த ஒலிக்கு அவசியம் அதிகம்: பொத்தான் அழுத்தும் செயலே இல்லாதபோது, பூட்டியதற்கு அடையாளமாக விளக்கின் ஒரு மின்னலும் இந்த ஒலியுமே முக்கியமாக இருக்கின்றன. வீட்டில் தானாகப் பூட்ட வேண்டாம் என்றால் அதே பகுதியில் வீட்டை விலக்கி வைக்கலாம்.

இயல்பாக ஒலிப்பது ஹார்ன். 2023ஆம் ஆண்டின் இறுதியில் வந்த மென்பொருள் புதுப்பிப்புக்குப் பிறகு, திரையின் டாய்பாக்ஸ் மெனுவில் உள்ள பூம்பாக்ஸ் பகுதியில் லாக் சவுண்ட் என்பதைத் திறந்து வேறு ஒலியைத் தேர்ந்தெடுக்கலாம். இதற்குப் பாதசாரிகளை எச்சரிக்கும் வெளிப்புற ஒலிபெருக்கி காரில் இருக்க வேண்டும். தொடக்க காலத்து மாடல் 3 கார்களில் அது கிடையாது. சொந்த ஒலியை வைக்க விரும்புபவர், 1 மெகாபைட்டுக்கு உட்பட்ட வேவ் வகைக் கோப்பு ஒன்றை யூஎஸ்பி டிரைவில், எந்த ஃபோல்டருக்குள்ளும் போடாமல், வெளியிலேயே வைக்க வேண்டும். கோப்பின் பெயர் லாக், சைம் என்ற இரு ஆங்கிலச் சொற்களும் இடைவெளியின்றிச் சேர்ந்ததாக, இரண்டின் முதலெழுத்துகளும் பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். டிரைவ் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்யப்பட்டிருந்தால் கார் அதைப் படிக்காது. எக்ஸ்ஃபாட் முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பின்னர் பொருத்திய சென்ட்ரல் லாக்கிங்

விலை குறைந்த வேரியன்ட்டை வாங்கி, உதிரிப் பொருள் கடையில் ரிமோட் பூட்டுப் பொருத்திக்கொள்வது நம் ஊரில் சாதாரணம். இவற்றில் சைரன் பூட்டும்போது ஒருமுறை கூவுவதே வழக்கம். உங்களுடையது மௌனமாக இருந்தால் இரண்டில் ஒன்று நடந்திருக்கும்: ரிமோட்டில் உள்ள மௌனப் பொத்தானை அழுத்திப் பூட்டுகிறீர்கள், அல்லது சைரனுக்கான வயரைப் பொருத்தியவர் இணைக்கவே இல்லை. கருவியோடு தந்த சிறு தாளில் பொத்தான்களின் அட்டவணை இருக்கும். அந்தத் தாள் தொலைந்திருந்தால் பொருத்திய கடையிலேயே கேளுங்கள். ஹார்ன் வயரை வெட்டி ஒட்டுப்போட்டு ஒலி வரவழைக்கலாம் என்று யாரேனும் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வெட்டிய வயரைக் காட்டி வாரன்டியை மறுக்க நிறுவனத்துக்கு வழி கிடைத்துவிடும்.

இயக்கிய பிறகு சோதிக்கும் முறை

சோதனைக்கு முன் ஓட்டுநர் பக்கக் கண்ணாடியை முழுவதும் இறக்கிவிடுங்கள். சாவி உள்ளே மாட்டிக்கொண்டாலும் கையை விட்டு எடுத்துவிடலாம்.

எல்லாக் கதவுகளையும் சாத்திப் பூட்டி, எழும் ஒலியை நன்றாகக் கவனியுங்கள். அடுத்து, பின் கதவு ஒன்றை முதல் கொக்கியில் மட்டும் மாட்டியபடி அரைகுறையாகச் சாத்திவிட்டு மறுபடியும் பூட்டுங்கள். இந்தச் சோதனைதான் முக்கியமானது, ஏனெனில் ஒவ்வொரு காரும் இதற்கு வேறு விதமாகப் பதில் சொல்கிறது: டொயோட்டாவில் பஸ்ஸர் 5 வினாடி தொடர்ந்து அலறும், ஃபோர்டில் ஹார்ன் இருமுறை ஒலிக்கும், சில கார்கள் ஒன்றுமே செய்யாமல் நிற்கும். உங்கள் கார் என்ன செய்கிறது என்பதை நீங்களே ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்வதுதான், பின்னாளில் பரபரப்பான இடத்தில் அந்த ஒலியைச் சரியாகப் புரிந்துகொள்ள உதவும். டிக்கியைத் திறந்து வைத்தும் ஒருமுறை பாருங்கள்.

கடைசியாகக் கைப்பிடியை இழுத்துப் பாருங்கள். ஒலி பெரும்பாலும் சொல்வது, கணினி உத்தரவைப் பெற்றுக் கதவுகள் சாத்தியிருப்பதைக் கண்டது என்பதைத்தான். ஒரு கதவின் பூட்டு மோட்டார் பழுதாகி அந்தக் கதவு மட்டும் பூட்டாமல் இருந்தாலும் ஒலி வரக்கூடும். ஸ்மார்ட் கீ பையில் இருக்கும்போது கைப்பிடியைத் தொட்டால் கார் திறந்துகொள்ளுமே என்ற ஐயம் எழலாம். டொயோட்டாவில் பூட்டிய 3 வினாடிகளுக்குள் இழுத்தால் திறக்காது. அந்த இடைவெளி இதற்காகவே கொடுக்கப்பட்டது. மற்ற கார்களில் சாவியை உடன் இருப்பவரிடம் கொடுத்துச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு இழுத்துப் பாருங்கள்.

செட்டிங் சரியாக இருந்தும் ஒலி வராவிட்டால்

சாவிக்குள் இருக்கும் உலோக சாவியால் பூட்டினாலோ, உள்ளிருந்து பொத்தானால் பூட்டினாலோ பொதுவாக ஒலி வராது. கைபேசிச் செயலி மூலம் பூட்டும்போதும் சில கார்கள் மௌனம் காக்கும். இவை பழுது அல்ல. ஒரே காருக்கு இரண்டு சாவிகள் இருந்து, ஓட்டுநர் புரொஃபைல் தனித்தனியாக அமைக்கப்பட்டிருந்தால், ஒரு சாவிக்கு ஒலியும் மற்றொன்றுக்கு மௌனமும் இருக்கலாம். மற்றவரின் புரொஃபைலிலும் அதே மாற்றத்தைச் செய்யுங்கள்.

முன்பு ஒலித்து இப்போது நின்றுவிட்டதென்றால், முதலில் பானெட் முழுமையாகச் சாத்தியிருக்கிறதா என்று பாருங்கள். அலாரம் உள்ள கார்கள் பானெட்டையும் ஒரு கதவாகவே கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. அதன் ஸ்விட்சில் அழுக்கு சேர்ந்தால் கார் திறந்திருப்பதாகவே நினைக்கும். அடுத்துச் சாவியின் பேட்டரி. பல சாவிகளில் இது சிஆர்2032 வகை, கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். ஹார்னை நம்பியிருக்கும் காரில் ஸ்டீயரிங் ஹார்ன் அடிக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். அதுவும் வேலை செய்யவில்லையென்றால் ஃபியூஸோ ரிலேயோ ஹார்னோ பழுதாகியிருக்கலாம். ஒரே ஒரு வாகன நிறுத்துமிடத்தில் மட்டும் ஒலி வராமல் மற்ற இடங்களில் வந்தால், அங்கே ரேடியோ குறுக்கீடு இருக்கிறது. அது செல்பேசிக் கோபுரம் போன்ற பாதகமில்லாத ஒன்றாகவும் இருக்கலாம், கெட்ட எண்ணம் கொண்டவரின் கருவியாகவும் இருக்கலாம். எதுவாயினும் அந்த இடத்தில் கதவு பூட்டியதைக் கையால் சரிபார்த்துவிட்டு நகருங்கள்.

இரவு நேரம்

இந்திய ஒலி மாசு விதிகளில் 2010ஆம் ஆண்டு செய்த திருத்தத்தின்படி, குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையும், மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் போன்றவற்றைச் சுற்றியுள்ள அமைதி மண்டலங்களில் எந்நேரமும் ஹார்ன் பயன்படுத்தக் கூடாது. பூட்டும்போது எழும் ஹார்ன் ஒலி அரை வினாடிதான் நீடிக்கிறது என்றாலும், அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் அது சுவர்களில் எதிரொலித்து முதல் மாடியில் தூங்கும் குழந்தையை எழுப்பப் போதுமானது. பஸ்ஸர் உள்ள கார் என்றால் ஒலியளவை 2 அல்லது 3ஆம் நிலைக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். பத்தடி தூரத்துக்கு அது கேட்கும். ஹார்ன் ஒலிக்கும் காரில், தெரிவு கிடைக்குமானால், இரண்டாவது அழுத்தலில் ஒலிக்கும்படி அமைத்துவிட்டு, இரவில் ஒருமுறை மட்டும் அழுத்தி விளக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்.